பொண்டாட்டிக்கு டெஸ்ட் எடுத்தாச்சு, எனக்கெதுக்கு?

ஆவடியிலிருந்து ரெட்ஹில்ஸ் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர் வெள்ளானூர். அங்கிருந்து பைக்கில் அரை மணி நேரம் போனால் நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டு. கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதி பில் போடுவது என் வேலை. இரவு ஷிஃப்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர்கள் இறங்கி வந்து டீ குடிப்பார்கள், பேசுவார்கள். சம்பளம், சேட்டு, சுங்கச்சாவடி, மகளின் காலேஜ் ஃபீஸ் என்று எல்லாம் பேசுவோம்.

கொஞ்ச நாளாக நான் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அண்ணே, எச்.ஐ.வி. டெஸ்ட் எப்பவாவது எடுத்திருக்கீங்களா?"

முதலில் சிரிப்பு வரும். பிறகு "என்ன தம்பி, என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?" என்பார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் அடிக்கடி வந்த பதில் வேறு. அதைச் சொன்னவர்களில் இருபத்தெட்டு வயதுக்காரரும் உண்டு, ஐம்பதைத் தாண்டியவரும் உண்டு. "என் பொண்டாட்டிக்கு மாசமா இருக்கும்போது டெஸ்ட் எடுத்தாங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்ப எனக்கும் ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"

இல்லை அண்ணே, அப்படி அர்த்தம் இல்லை. இந்தக் கிருமி ஒவ்வொரு உறவிலும் கட்டாயம் தொற்றிவிடுவதில்லை. ஒருவருக்கு இருந்து, கூடவே வாழும் மற்றவருக்கு ஆண்டுக்கணக்கில் தொற்றாமலே இருக்கும் தம்பதிகள் உண்டு. அவள் ரத்தம் அவளைப் பற்றி மட்டும்தான் சொல்லும், அதுவும் அன்றைய நிலையை. கிருமி உடலுக்குள் வந்த முதல் சில வாரங்களில் அதுவும் சோதனையில் தெரியாமல் போகலாம். அந்தப் பிள்ளை இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறது. இடைப்பட்ட வருடங்களில் நீங்கள் விஜயவாடாவுக்கும் நாக்பூருக்கும் எத்தனை முறை போய் வந்திருப்பீர்கள்?

இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எனக்கே டெஸ்ட் எடுக்கத் தோன்றியது முப்பது வயதில்தான். மனைவி கர்ப்பமாக இருந்தபோது ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். எது என்று சொல்லப்போவதில்லை. எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, ரத்த அளவு, மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி., சிபிலிஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அட்டையில் முத்திரை குத்தினார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் மற்ற கணவன்மாரோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய், "எனக்கும் எடுப்பீங்களா சிஸ்டர்?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் இருந்தவரையும் பார்த்துச் சிரித்தார். "உனக்கெதுக்குப்பா? எங்கயாவது தப்பு தண்டா பண்ணிட்டு வந்தியா?"

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது.

அந்தச் சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாள் ஒன்றுக்கு எத்தனை பேருக்கு ஊசி குத்துகிறார் என்று நானே பார்த்தேன். ஆனால் அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியில் நம்முடைய முழு ஏற்பாடும் இருக்கிறது. பெண்ணுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது, ஆகவே அவளுக்கு டெஸ்ட். அவள் தப்பு செய்தாளா என்று யாரும் கேட்பதில்லை, குழந்தைக்காக எடுக்கிறோம் என்பார்கள். ஆண் வந்தால் மட்டும் காரணம் சொல்ல வேண்டும். பாலியல் தொழிலாளியிடம் போனேன், ஆணோடு உறவுகொண்டேன், ஊசியில் போதை ஏற்றினேன் என்று ஏதாவது ஒன்றை ஒப்புக்கொண்டால் அவனுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. எதையும் ஒப்புக்கொள்ளாத சாதாரண ஆண் வேப்பமரத்தடியிலேயே நிற்க வேண்டியதுதான்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதனை வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. யாருடைய ரத்தம்? பாலியல் தொழில் செய்ததாகப் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடைய ரத்தம். அந்த இரண்டு மருத்துவர்களும் செய்தது பெரிய காரியம். இங்கெல்லாம் அந்த நோய் வராது, இது கலாச்சாரம் மிக்க நாடு என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்களை அவர்கள்தான் மூடினார்கள். ஆனால் அந்தப் பெண்களிடம் போய்வந்த ஆண்கள் எங்கே இருந்தார்கள்? வீட்டில் இருந்தார்கள், ஆபீசில் இருந்தார்கள், கோயில் வரிசையில் நின்றார்கள். அவர்களைப் பூட்டிவைத்து ரத்தம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பூட்டிவைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாரைப் பூட்டிவைக்கலாம் என்று இந்தச் சமூகம் முன்பே முடிவுசெய்து வைத்திருந்தது, கிருமியையும் அந்த வழியாகவே தேடியது என்கிறேன்.

சாதியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பெண்ணின் உடலைக் காவல் காக்க வேண்டும் என்பதை அண்ணல் அம்பேத்கர் 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கிவிட்டார். கற்பு என்ற விலங்கு பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று பெரியார் கேட்டுக்கொண்டே இருந்தார். நாம் இவற்றையெல்லாம் கூட்டங்களில் பேசுகிறோம். ஆனால் காவல் போடப்படாத அந்த ஆண் உடலுக்கு என்ன ஆகிறது என்று அவ்வளவாகப் பேசியதில்லை. யாரும் கண்காணிக்காத உடலை யாரும் கவனிக்கவும் இல்லை. அதைத்தான் நாம் ஆண்களின் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் தாய்மாமா அந்தச் சுதந்திரத்தில் செத்தவர். லாரி ஓட்டுநர். அரசு ஆவணங்களில் லாரி ஓட்டுநர்களுக்கும் இடம்பெயர் தொழிலாளர்களுக்கும் ஒரு பெயர் உண்டு, 'பாலம்'. ஆபத்துள்ள கூட்டத்திலிருந்து பொதுமக்களுக்குக் கிருமியைக் கடத்தும் பாலமாம். என் மாமா பாலம் இல்லை. நன்றாகப் பாடுவார். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

2005-ல் அவர் இளைக்க ஆரம்பித்தார். இருமல், இரவில் காய்ச்சல், வாயில் புண். உள்ளூர் டாக்டர் மாற்றி மாற்றி ஊசி போட்டார். தெருவில் டி.பி. என்றார்கள். டி.பி.யும் இருந்தது, உண்மைதான். ஆறு மாதம் கழித்து ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் அடியில் என்ன இருக்கிறது என்று சோதித்தார்கள். பதினோராம் நாள் போய்விட்டார். இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. நம் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்றே தொடங்கிவிட்டது. முதலில் தொடங்கிய மையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம். வெள்ளானூரிலிருந்து தாம்பரம் ஒன்றும் வெளிநாடு இல்லை. மருந்து இருந்தது, அது இலவசமாகவும் இருந்தது. மாமா இளைக்கத் தொடங்கும் முன்பே யாராவது அவர் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தால் போதும். எடுக்கவில்லை.

பிறகு அத்தைக்கு எடுத்தார்கள். பாசிட்டிவ். கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் அவர் இரண்டாவது. ஆனால் மாமா வீட்டார் சொன்ன வரிசையில் அவர்தான் முதல். "இவதான் கொண்டாந்து குடுத்தா" என்றார்கள். செத்தவன் திரும்பி வந்து சாட்சி சொல்லவா போகிறான்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பெரியவர்கள் இளவயதில் டீக்கடையில் தனி டம்ளர் வைத்ததை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள். அதை அம்பேத்கர் பிறந்தநாள் தோறும் மைக்கில் சொல்வார்கள். அதே தெருவில், அதே பெரியவர்களில் ஒருவர் வீட்டில், என் அத்தைக்கு ஒரு தனி எவர்சில்வர் டம்ளர் இருந்தது. ஜன்னல் கம்பியில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நான் சின்னப் பையன், ஒருநாள் தெரியாமல் அதில் தண்ணீர் குடித்துவிட்டேன். அம்மா என்னை அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. தீட்டு என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்களை மிதித்த அதே ஏற்பாட்டை நாங்கள் எடுத்து எங்கள் வீட்டுப் பெண்ணின் மேல் வைத்தோம். அந்த டம்ளரைப் பார்த்த எந்த ஆண் தானாகப் போய் டெஸ்ட் எடுப்பான்? விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். எங்கள் தெரு ஆண்களுக்கு விழிப்புணர்வு நிறையவே இருந்தது. பாசிட்டிவ் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும்.

அத்தை இன்று நன்றாக இருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார், நூறு நாள் வேலைக்குப் போகிறார், மருமகளோடு சண்டை போடுகிறார். ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால் உடலுறவு வழியாக அது மற்றவருக்குப் பரவாது என்பது இன்று மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்லும் உண்மை. இதை எங்கள் தெருவில் நான் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. எய்ட்ஸ் என்றால் எலும்புக்கூடு என்று சுவரில் வரைந்து பயமுறுத்திய காலத்தின் மிச்சம். 2000-களின் தொடக்கத்தில் சென்னை முழுவதும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று பலகை வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லித் திரிந்தோம். விளம்பரமாகப் பார்த்தால் பெரிய வெற்றி. ஒரு சாதாரண ஆணைப் பற்றிக் கேட்டதும் சரிதான். ஆனால் ஊர் நினைவில் தங்கியது அந்தக் கேள்வியும் கேலியும் மட்டும்தான். புள்ளிராஜா எங்கே போய், எந்த நேரத்தில், யாரிடம் டெஸ்ட் எடுப்பான் என்பது யார் நினைவிலும் இல்லை.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அண்மைக்கால மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. உலக அளவில் 2023-ல், 15 வயதுக்கு மேற்பட்ட எச்.ஐ.வி. உள்ள பெண்களில் 83 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றார்கள், ஆண்களில் 72 விழுக்காட்டினர்தான். எல்லாவற்றிலும் முதல் பந்தியில் உட்காரும் ஆண் இந்த ஒரு பந்தியில் கடைசி.

தெரியாமல் இருப்பது அவன் குற்றமா? சாத்தூரை நினைத்துப் பாருங்கள். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. நாடே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். அந்தப் பெண்ணுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞரைப் பற்றி எத்தனை பேர் யோசித்தோம்? பத்தொன்பது வயது. உறவினர் ஒருவருக்காகச் சிவகாசியில் ரத்தம் கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்குப் போக மருத்துவப் பரிசோதனை செய்தபோதுதான் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஓடி ஒளியவில்லை. தானே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார், என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று. அதற்குள் ஏற்றியாகிவிட்டது. 2016-ல் அவர் ரத்த தானம் செய்தபோதே கிருமி இருப்பது சோதனையில் தெரிந்திருக்கிறது, அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. இரண்டு வருடம் அரசாங்கத்துக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த இரண்டு வருடத்தில் மருந்து தொடங்கியிருக்கலாம். அந்தப் பெண்ணும் தப்பியிருப்பார். அந்த இளைஞர் விஷம் குடித்தார். ஆண்டு முடிவதற்குள் மதுரையில் இறந்துபோனார். உண்மையைச் சொன்ன ஆணுக்கு நாம் கொடுத்தது இதுதான்.

அப்போது எச்.ஐ.வி. சட்டம் அமலுக்கு வந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, வேலை கொடுப்பதற்கு நிபந்தனையாக டெஸ்ட் கேட்கக் கூடாது, எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு அனுப்பக் கூடாது. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நண்பர்கள் நாளைக்கே உங்கள் எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த அலுவலர் யார் என்று. கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

டெஸ்ட் எங்கே எடுப்பது? அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று பலகை இருக்கும். நல்ல பெயர். கட்டணம் இல்லை. விரல் நுனியில் குத்தி எடுப்பதாக இருந்தால் அரை மணி நேரத்தில் முதல் முடிவு. அதில் ஏதாவது தெரிந்தால் வேறு முறைகளில் மறுபடி சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். 1097-க்குப் போன் செய்தால் பக்கத்தில் எங்கே மையம் இருக்கிறது என்று சொல்வார்கள். நான் இரண்டாவது முறை போனது இப்படி ஒரு மையத்துக்குத்தான். அங்கிருந்த ஆலோசகர் அக்கா என்னிடம் தப்பு செய்தாயா என்று கேட்கவில்லை. "உக்காருங்க தம்பி" என்றார். அதுவே பெரிய விஷயமாக இருந்தது. அவரும் ஒப்பந்த ஊழியர்தான் என்று பேச்சில் தெரிந்தது. என் முடிவு என்ன என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் என்னை நல்லவன் என்றோ பாவம் என்றோ நினைப்பீர்கள். இரண்டும் வேண்டாம்.

ஆனால் அந்த மையத்துக்குப் போக எனக்கு அரை நாள் சம்பளம் போனது. பகல் வேலை நேரத்தில்தான் திறந்திருந்தது. எனக்காவது மாதச் சம்பளம். செங்கல் சூளையில் இருப்பவருக்கு? ரெட்ஹில்ஸ் அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவருக்கு? ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் தெரியாமல் இருப்பவருக்கு? நம் மக்கள் கூலிக்காரர்கள். பகலில் திறந்து பகலிலேயே மூடும் கதவு நமக்காக வைத்தது இல்லை.

இதே தமிழ்நாட்டில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். 2024-ல் அது தொழிலாளர்களின் பணியிடத்துக்கும் போனது. சர்க்கரைக்கு விரலில் எடுப்பதும் ஒரு சொட்டு ரத்தம்தான். ஆண் தொழிலாளியைத் தேடிப்போக அரசுக்கு வழி தெரிகிறது. அப்படியானால் இதையும் சேர்த்துவிடலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். யார்டில் ஒரு அண்ணன்தான் என்னைத் திருத்தினார். "கம்பெனி கேட்டுக்குள்ள இதை எடுக்காதீங்க தம்பி. சூப்பர்வைசர் பக்கத்துலயே நிப்பான். ஒருத்தன் கூட நாலு நிமிஷம் அதிகமா பேசுனாங்கன்னா முடிஞ்சுது, அடுத்த மாசம் அவனுக்கு லோடு கிடைக்காது." அவர் சொல்வது சரி. காண்ட்ராக்ட் தொழிலாளியை நிறுத்தக் காரணம் சொல்லத் தேவையில்லை. காரணமே சொல்லாமல் நிறுத்தப்பட்டவனை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

ஆகவே நான் கேட்பது கேட்டுக்கு வெளியே. மாலை ஆறிலிருந்து பத்து வரை திறந்திருக்கும் மையம். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் மையம். லாரிகள் நிற்கும் இடத்தில் பிரஷரும் சர்க்கரையும் இதுவும் சேர்த்துப் பார்க்கும் வண்டி, எதற்காக ஏறினான் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாதபடி. அங்கே இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவர். மனைவியோடு மருத்துவமனைக்கு வரும் கணவனிடம் காரணம் கேட்காமல் "உங்களுக்கும் எடுத்துடலாமா?" என்று ஒரு வார்த்தை. கல்யாணமாகி ஊரில் பிள்ளைகளோடு இருந்துகொண்டு, இன்னொரு ஆணை விரும்புவதை யாரிடமும் சொல்ல முடியாதவர்களுக்கு இந்தக் காரணம் கேட்காத கதவு ஒன்றுதான் வழி. வீட்டிலேயே தானாகச் சோதித்துக்கொள்ளும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே பரிந்துரைத்தது. இங்கே அது இன்னும் பரவலாகவில்லை. பாசிட்டிவ் வந்தால் தனியாக உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான் என்ற பயம் நியாயமானது. சாத்தூர் இளைஞரை நினைத்தால் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அதனால்தான் ஆலோசகர்களின் வேலையை நிரந்தரமாக்கு, எண்ணிக்கையைக் கூட்டு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் இயக்கங்கள் ரத்த தான முகாம் நடத்துகின்றன, கண் பரிசோதனை முகாம் நடத்துகின்றன. தலைவர் பிறந்தநாளுக்கு இதையும் நடத்தலாம் என்று ஒரு தோழரிடம் சொன்னேன். "நம்ம சேரிக்கு ஏற்கெனவே கெட்ட பேரு, இதையும் சேத்து ஒட்டிடுவானுங்க தோழர்" என்றார். அவர் தயக்கம் எனக்குப் புரிகிறது. நோய் எங்கே என்றால் உடனே நம் தெருவைக் காட்டும் விரல்களை நாமும் பார்த்துத்தானே வளர்ந்தோம். ஆனால் ஊர்த்தெருவில் இது இல்லையா? அங்கே நர்சிங் ஹோமில் ஆபரேஷனுக்கு முன்னால் சத்தமில்லாமல் சோதிக்கிறார்கள், சத்தமில்லாமல் மருந்து வாங்குகிறார்கள். நாம் மட்டும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தோழரிடம் அடுத்த வாரம் மறுபடி போவேன்.

போன வாரம் இரவு, என்னோடு பேசாமல் இருந்த அந்த ஓட்டுநர் அண்ணன் கேட் ஜன்னலில் வந்து நின்றார். பில்லை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றார்.

"தம்பி, அன்னிக்குச் சொன்னியே, அந்த எடம். ஞாயித்துக்கெழம தொறந்திருக்குமா?"

"இல்லண்ணே. வேலை நாள்லதான்."

"அப்ப பொங்கல் லீவுல போய்ப் பாக்கறேன்."

"பொங்கலுக்கு அவங்களுக்கும் லீவுண்ணே."

அவர் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. ஏறிப் போய்விட்டார்.